பலகைக்கு அடியில் தண்ணீர்

வாசகரே, கையிலுள்ள தேநீர்க் கோப்பையைக் கீழே வையுங்கள்.

எழுந்து வாருங்கள். ஒரு கொலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கொலையா என்று கேட்பீர்கள். விபத்து என்றுதான் தோட்ட நிர்வாகம் எழுதப் போகிறது. அந்த மை காய்வதற்குள் வந்துவிடுங்கள். வந்து சாட்சியாக நில்லுங்கள்!

மலையகத்தில், நல்லதண்ணி ஊருக்கு பஸ் ஓடும் பாதையில், மலைகளின் மடியில் ஒரு நீர்த்தேக்கம். அதன் இக்கரையில் ஹார்ட்வெல் தேயிலைத் தோட்டத்துப் படகுத்துறை.

செவ்வாய்க்கிழமை. காலை ஏழு இருபது.

துறையின் பலகைகளின் மேல் ஒரு பெண் கிடக்கிறாள்.

மீனம்மா. வயது ஐம்பத்திரண்டு. கொழுந்து பறிக்கப் புறப்பட்டவள். சேலை நனையாமலிருக்க இடுப்பில் கட்டிய முரட்டுத் துணிப் படங்கு இன்னும் அவிழவில்லை. அந்தப் படங்குதான் தண்ணீரைக் குடித்துக் கனத்து அவளைக் கீழே இழுத்திருக்க வேண்டும்...

அக்கரையில் நாற்பது குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளான லயங்கள். இக்கரையில் தொழிற்சாலையும், காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களமும். நடுவே தண்ணீர். சுற்றி நடந்தால் இரண்டு மணி நேரம். படகில் வந்தால் இருபத்தைந்து நிமிடம். அந்தப் படகு இன்று காலை பன்னிரண்டு பெண்களுடன் நடுவழியில் நிரம்பியது. சரிந்தது. கவிழ்ந்தது. மீன் பிடிக்க வந்த இரண்டு தோணிகள் பதினொரு பேரைக் காப்பாற்றின.

பன்னிரண்டாவது பெண்தான் இங்கே கிடப்பவள்.

பாதுகாப்பு அங்கி ஒன்று போட்டிருந்தால் பிழைத்திருப்பாள். அங்கிகள் இல்லாமலில்லை. ஆறு இருந்தன. வெள்ளைக்கார விருந்தாளிகள் வந்தால் கொடுப்பதற்காக, அலுவலக அலுமாரியில், பூட்டி!

துறையின் மறு ஓரத்தில், நனைந்த உடுப்போடு நடுங்கியபடி நின்றாள் டோரீன்.

நாற்பது வயது. ஒன்பது வருடங்களாக அந்தப் படகை ஓட்டுகிறவள். அவளைச் சுற்றி இரண்டு பொலிஸ்காரர்கள். அவர்கள் காவலுக்கு நிற்கிறார்களா, காப்பாற்ற நிற்கிறார்களா என்பது அவளுக்கே விளங்கவில்லை. ஏனென்றால் கரையில் கூடிய அத்தனை கண்களும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டன.

தண்ணீரைப் பார்த்தாயா, டோரீன்?

படகு என்றால் மேலே மிதிக்கும் பலகை. பலகைக்குக் கீழே குழிவான ஓர் அடிவயிறு. மழைநீரும் அலைத் தெறிப்பும் அங்கே போய்ச் சேரும். ஒளிந்து கிடக்கும். அதைத் தினமும் பார்த்து, பம்ப் போட்டு இறைத்துவிட வேண்டும். இறைக்காவிட்டால் படகு காலடியிலேயே கனத்துக்கொண்டு போகும்... மேலே இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது.

"பாத்தேன்," என்றாள் டோரீன், யாரும் வாய்திறந்து கேட்காமலே. "அஞ்சரைக்குப் பாத்தேன்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருத்தி வந்தாள். நிலக்ஷி. மீனம்மாவின் மகள். இருபத்திரண்டு வயது. அதே படகில் வந்தவள். கவிழ்ந்த படகின் மேல் தாய் தள்ளி ஏற்றிவிட்டதால் உயிரோடு இருப்பவள்.

அறை பளீரென்று விழுந்தது.

"என்னத்தப் பாத்த நீ? எங்கம்மா உன்ன நம்பித்தானே ஏறுச்சு..."

டோரீன் கன்னத்தைத் தடவவில்லை. தடவினால் அந்த அறைக்கு அவமதிப்பு என்று தோன்றியது.

பொலிஸ் சப்-இன்ஸ்பெக்டர் விஜிதரன் நிலக்ஷியை மெதுவாக விலக்கினார். ஹட்டன் பக்கத்து மனிதர். அதட்டாமல் கேட்பார், ஆனால் பதிலுக்காகக் காத்திருக்கும்போது கண் சிமிட்டமாட்டார்.

அவர் அருகில் குடை பிடித்து நின்றவர் லோஜன். தோட்டத்துச் சின்னத்துரை, அதாவது உதவி முகாமையாளர். முப்பத்தொரு வயது. சப்பாத்தில் சேறு படாமல் நடக்கத் தெரிந்தவர். விசாரணைக்கு உதவுவதாகச் சொல்லிக்கொண்டு, கேள்வி பிறக்குமுன்னே பதிலைப் பெற்றுத் தந்துகொண்டிருந்தார்.

நேற்று பௌர்ணமி, போயா விடுமுறை; படகு ஓடவில்லை; இரண்டு நாள் மழை படகுக்குள் நிரம்பிக் கிடந்தது; டோரீன் அதை இறைக்காமலே எடுத்துவிட்டாள். இதுதான் லோஜன் கட்டிக் கொடுத்த கதை. அழகான கதை. ஓட்டையே இல்லாத கதை!

"இதுக்கு மேல என்ன சேர் இருக்கு? இது கவனயீனம்," என்றார் லோஜன். "படகப் பின்னேரத்துக்குள்ள ஸ்டோருக்குக் கொண்டுபோய் வெட்டிப் போட்டுருவோம். அதப் பாக்கப் பாக்க ஆக்களுக்கு மனசு கஷ்டம்."

விஜிதரன் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"செத்தவங்கள இன்னும் எடுக்கல்ல. அதுக்குள்ள படகுக்கு அவசரமா?"

லோஜன் குடையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

விஜிதரன் டோரீனிடம் வந்தார். நண்பகலில் ஜீப் ஹட்டனுக்குப் புறப்படும் என்றார். வேறு காரணம் எதுவும் கிடைக்காவிட்டால் அவளை நீதவான் முன் நிறுத்த வேண்டியிருக்கும் என்றார். கவனயீனத்தால் ஓர் உயிரைப் போக்கிய குற்றம். பிணை கிடைக்காமலும் போகலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

"ஏதாவது சொல்லணுமா டோரீன்?"

"சொல்ல ஒண்ணும் இல்லீங்க சேர். பாக்கணும். படகோட அடிய நான் ஒருக்கா பாக்கணும்."

நேரம் எட்டேகால். நண்பகலுக்கு மூன்றே முக்கால் மணி நேரம்.

தோணிக்காரர்கள் படகை ஏற்கெனவே நிமிர்த்திக் கரைக்கு இழுத்துவந்திருந்தார்கள். பதினெட்டு அடி ஃபைபர் படகு. விளிம்புவரை பழுப்புத் தண்ணீர். டோரீன் இடுப்பளவு நீரில் இறங்கி, வாளியால் இறைக்கத் தொடங்கினாள். விஜிதரன் கைகாட்ட, பொலிஸ்காரர் இருவரும் காற்சட்டையை மடித்துக்கொண்டு கூடவே இறங்கினார்கள்.

இறைத்தார்கள். இறைத்தார்கள். படகு மெல்ல மெல்ல எழுந்தது.

இறைக்கும்போதே அவள் காலையில் நடந்ததைச் சொன்னாள். ஐந்தரைக்கு நடுப்பலகையைத் தூக்கி டோர்ச் அடித்தது. மழைத்தண்ணீர் இருந்தது. கரண்ட் பம்பைப் போட்டு, அது வெறும் காற்றை உறிஞ்சிக் கரகரக்கும்வரை இறைத்தது. மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தது. பம்பை நிறுத்தி, வெறும் படகாக அக்கரைக்கு ஓட்டிப் போனது. அங்கே பெண்கள் ஏறுமுன் மறுபடியும் பலகையைத் தூக்கிப் பார்த்தது.

"அப்பயும் காஞ்சுதான் இருந்துச்சு சேர். திரும்பி வாரப்பதான் எல்லாம். காலு நனையுதேன்னு பாத்தா, பலகைக்கு மேல தண்ணி. பம்பைப் போட்டேன். வயர் முடிச்சு அதுக்குள்ள முங்கியிருக்கும். ஒரு முனகல்தான் வந்துச்சு, நின்னுருச்சு. ஒருத்தி எந்திரிச்சா, எல்லாரும் எந்திரிச்சாங்க..."

வாளி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

ஒன்பதரை. படகு காலியானது. கரையில் ஏற்றிச் சாய்த்தார்கள்.

விஜிதரன் குனிந்து ஒவ்வோர் அங்குலமாகத் தடவினார். வெடிப்பு இல்லை. கீறல் இல்லை. பின்பக்கத் துவாரத்துத் தக்கை? இறுகிப் பூட்டியபடியே இருந்தது.

அவர் நிமிர்ந்தார். முகம் மாறியிருந்தது.

"ஓட்டையும் இல்ல. தக்கையும் கழரல்ல. அப்ப தண்ணி எங்கயிருந்து வந்துச்சு டோரீன்?"

டோரீன் தக்கையைத் தானும் முறுக்கிப் பார்த்தாள். அசையவில்லை!

படகை அடியோடு பார்த்தால் தன் பெயர் கழுவப்படும் என்று நம்பியிருந்தாள். அடி அவளுக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டது. ஓட்டையில்லாத படகில் தண்ணீர் இருந்தது என்றால், அது காலையிலிருந்தே இருந்த தண்ணீர். இறைக்காத தண்ணீர்.

லோஜன் அனுதாபத்துடன் தலையை ஆட்டினார். அந்த ஆட்டம் அறையைவிட வலித்தது.

ஒரு கணம், டோரீனுக்கே சந்தேகம் வந்தது. பார்த்தேனா? உண்மையில் பார்த்தேனா? அல்லது ஒன்பது வருடப் பழக்கத்தில், பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா?

கைகள் தாமாகவே நடுப்பலகையைத் தூக்கின. கீழே பம்ப். கை முஷ்டியளவு. அதன் கழுத்தில்...

அவள் விரல்கள் நின்றன.

ஒரு நூல். மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்ட நூல். முடிச்சில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு.

"இது நான் கட்டினதில்ல," என்றாள்.

அவள் கட்டக்கூடியவளும் அல்ல. ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கப் பெண். படகின் முன்மூக்கில் அவள் ஒட்டிய அந்தோனியார் படம் மட்டுமே உண்டு. பொலிஸ்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். லோஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அதுவரை தாயின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த நிலக்ஷி எழுந்து வந்தாள். நூலைத் தொட்டாள். புரட்டினாள்.

"ரோதமுனி காப்பு," என்றாள்.

ரோதமுனி யார் என்று மலையகத்தில் கேட்டால் சிரிப்பார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் சுழலும் இயந்திரச் சக்கரங்களான ரோதைகளுக்குள் குடியிருக்கும் காவல் தெய்வம். முனியிடம் உத்தரவு கேட்காமல் இயந்திரத்தைத் திறந்தால் கையைக் கேட்கும் என்பது தொழிற்சாலைக்காரர்களின் நம்பிக்கை. உத்தரவு கேட்டதற்கு அடையாளம் இந்தக் காப்பு.

"யார் கட்டுவாங்க இத?" என்றார் விஜிதரன்.

"எல்லாருந்தான் கும்புடுவாங்க சேர். ஆனா ஸ்பேனரைத் தொடுறதுக்கு முந்தி ஒவ்வொரு மிஷினுக்கும் நூல் கட்டுறது ஒரே ஒரு ஆளு. ஃபிட்டர் பழனியாண்டி மாமா. எங்க வீட்டு ரேடியோவ ரிப்பேர் பண்ணக் குடுத்தாக்கூட நூல் கட்டித்தான் திருப்பித் தருவாரு."

யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்கள்.

மஞ்சள் துண்டு இன்னும் மஞ்சளாகவே இருந்தது. பழசானால் கறுத்துச் சுருங்கியிருக்கும். அப்படியானால் யாரோ அண்மையில் இந்தப் பம்பைத் திறந்திருக்கிறார்கள். டோரீனுக்குத் தெரியாமல்!

பொலிஸ்காரர் ஒருவர் தொழிற்சாலைக்கு ஓடினார். பத்து மணிக்கு பழனியாண்டியுடன் திரும்பினார்.

ஐம்பத்தெட்டு வயது. நெற்றியில் விபூதி. நகக்கண்ணில் கிரீஸ். மீனம்மாவின் உடலைப் பார்த்தவர் கைகூப்பினார். அதன்பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நூல் தன்னுடையதுதான் என்றார். எப்போது கட்டினார்? ஆயுத பூசைக்கு. ஏன் மஞ்சள் கறுக்கவில்லை? தெரியாது. பம்பைத் திறந்தாரா? தெரியாது. நேற்று எங்கே இருந்தார்? வீட்டில். யாரோடு? தெரியாது.

"வீட்டுல யாரோட இருந்தேன்னு தெரியாதா?" என்றார் விஜிதரன்.

பழனியாண்டி நிலத்தைப் பார்த்தார். லோஜன் குறுக்கிட்டு, பூசைக்கு எல்லா இயந்திரங்களுக்கும் காப்புக் கட்டுவது தோட்டத்து வழக்கம்தான் என்றார். தனக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றும், இந்தப் படகில் தான் ஒருநாளும் கால் வைத்ததே இல்லை என்றும், ஆனாலும் இந்த வழக்கம் தெரியும் என்றும் சொன்னார்.

கேட்காத கேள்விக்கு மூன்று பதில்கள்!

நூலில் இருந்த கண்ணை எடுத்து டோரீன் மெல்ல லோஜன் மேல் வைத்தாள். நேற்று போயா. அவள் றொசல்லவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். படகு இங்கே தனியாகக் கிடந்தது. அது யாருக்கெல்லாம் தெரியும்? விடுமுறையில் ஊருக்குப் போவதானால் அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவள் சொன்னது இவரிடம்தான்...

அப்போதுதான் அவளுக்கு அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது.

காலையில் பம்ப் இறைத்த தண்ணீர் படகுக்கு வெளியே விழுந்த சத்தம். வழக்கமாகச் சளசளவென்று உயரத்திலிருந்து விழும். இன்று முணுமுணுத்தது. பனிமூட்டம் காதை அடைக்கிறது என்று நினைத்தாள். எட்டிப் பார்க்கவில்லை.

அவள் படகின் வலப்பக்கத்துக்குப் போனாள். துறையில் கட்டினால் தண்ணீரை நோக்கியிருக்கும் பக்கம். கரையில் நிற்பவர்கள் கண்ணில் படாத பக்கம். பார்த்தாள். நின்றாள். விஜிதரனுக்குக் கண்காட்டினாள்.

அவர் வந்ததும் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"குழாய் வாய் எங்க இருக்குன்னு பாருங்க சேர். முந்தி இது மேல, விளிம்புக்கிட்ட இருந்துச்சு. இப்ப ஒரு சாண் கீழ இருக்கு. மேல வட்டமா புதுப் பெயிண்ட் தெரியுதா?"

விஜிதரன் தடவினார். பழைய துவாரம் அடைபட்டிருந்தது. பூச்சு இன்னும் பிசுபிசுத்தது.

"இதால என்ன?"

"வெறும் படகுன்னா குழாய் வாய் தண்ணிக்கு நாலு விரல் மேல நிக்கும். பன்னெண்டு பேர் ஏறுனா முங்கிரும். பம்ப் ஓடாட்டி தண்ணி அதே குழாய் வழியா உள்ள வரும். இறைக்கிற குழாயே ஊத்துற குழாயா ஆயிரும் சேர்."

விஜிதரன் குழாய் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். தண்ணீரை வெளியேற்ற வைத்த வழியாலேயே தண்ணீரை உள்ளே அனுப்பியிருக்கிறார்கள்! ஓட்டையே போடாமல் ஒரு படகை மூழ்கடித்திருக்கிறார்கள்!

"சரி. துவாரத்த மாத்தியிருக்காங்க," என்றார். "யார் மாத்தினது? பழனியாண்டி வாய் திறக்கமாட்டாரு. பெயிண்ட் வாக்குமூலம் குடுக்காது."

"படகு குடுக்கும்," என்றாள் டோரீன். "பன்னெண்டு பேர ஏத்துங்க. காரணத்த யாருக்கும் சொல்லாதீங்க."

பதினொரு மணி.

படகைத் துறையோரம் மிதக்கவிட்டு, முன்னும் பின்னும் கயிறு கட்டினார்கள். அங்கே நெஞ்சளவு தண்ணீர்தான். யாரும் சாகமாட்டார்கள். படகு காலையில் எவ்வளவு பாரம் தாங்கியது என்று பார்க்க வேண்டும் என்று மட்டும் விஜிதரன் அறிவித்தார். பொலிஸ்காரர் இருவர். அலுவலக எழுதுவினைஞர் மூவர். உரம் போடும் ஆண்கள் ஐந்து பேர். பதினோராவது ஆளாக விஜிதரனே ஏறினார்.

"ஒரு ஆள் குறையுது. மிஸ்டர் லோஜன், வாங்க."

லோஜன் சிரித்தார். தனக்கு வேலை இருக்கிறது என்றார். நீந்தத் தெரியாது என்றார். சப்பாத்து புதியது என்றார்.

"மீனம்மாவுக்கும் நீந்தத் தெரியாதாம். ஏறுங்க," என்றார் விஜிதரன்.

ஏறினார். மிச்சமிருந்தது பின்னால் ஒரே இருக்கை. வலது ஓரம்.

டோரீன் துறையில் நின்றாள். அவளருகில் நிலக்ஷி. சற்றுத் தள்ளி பழனியாண்டி, தூணைப் பிடித்தபடி.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஒன்றும் நடக்கவில்லை. எழுதுவினைஞர் ஒருவர், இப்படியே நல்லதண்ணிவரை போனால் என்ன என்று பகிடி விட்டார்.

நான்கு. ஐந்து...

லோஜனின் நெற்றியில் வேர்வை. மலையின் குளிரில் வேர்வை!

டோரீன் அவர் முகத்தை மட்டுமே பார்த்தாள். மற்றவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவரோ காலைப் பலகையிலிருந்து தூக்கி வைத்திருந்தார். பலகை இன்னும் காய்ந்திருக்கும்போதே!

ஒன்பதாவது நிமிடத்தில் பலகையின் இடுக்குகளிலிருந்து தண்ணீர் கசிந்தது. பிறகு பொங்கியது. படகு கனத்தது. எல்லோரும் காலடியைப் பார்த்தார்கள். தக்கை, தக்கை என்று ஒருவர் கத்தினார். வெடித்துவிட்டது என்றார் இன்னொருவர். பத்துப் பேர் பத்து இடத்தில் ஓட்டையைத் தேடினார்கள்.

ஒருவர் மட்டும் தேடவில்லை.

லோஜன் சட்டென்று வலப்புறம் சரிந்தார். கையைப் படகுக்கு வெளியே விட்டார். முழங்கைவரை தண்ணீருக்குள் செலுத்தினார். கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார்.

உள்ளே பொங்கிய தண்ணீர் நின்றது.

படகில் பேச்சும் நின்றது.

விஜிதரன் அவர் தோளின் மேல் கையை வைத்தார்.

"அங்க என்ன இருக்கு, மிஸ்டர் லோஜன்?"

லோஜனின் உள்ளங்கை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

"ஒருநாளும் கால் வைக்காத படகு. படகைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா கை மட்டும் நேரா போய் நிக்குதே. கைய எடுக்கலாமே?"

எடுக்க அவருக்குப் பயம். எடுத்தால் தண்ணீர் வரும். எடுக்காவிட்டால் உண்மை வரும். வாசகரே, அந்த மனிதர் முழுதாக ஒரு நிமிடம் அப்படியே இருந்தார்!

துறையில் ஓர் உடல் சரிந்து உட்காரும் ஓசை கேட்டது. பழனியாண்டி. தூணைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு யாரும் கேட்காமலே கொட்டினார்.

நேற்று காலை சின்னத்துரை கூப்பிட்டாராம். பம்ப் தண்ணீர் உயரத்திலிருந்து தெறித்து, படகில் வரும் விருந்தாளிகளின் உடுப்பை நனைக்கிறதாம். குழாய் வாயை ஒரு சாண் கீழே இறக்கச் சொன்னாராம். பக்கத்தில் நின்று விரலால் இடத்தையும் காட்டினாராம்.

லோஜன் துறைக்கு ஏற்றப்பட்டார். ஈரம் சொட்டும் கையோடு அவர் இப்போது வேறொரு கதையைத் தொடங்கினார். அக்கரையில் உல்லாச விடுதி வரப்போகிறது. லயங்களைக் காலிசெய்ய வேண்டும். படகு ஆபத்தானது என்று ஒரு பத்திரம் கிடைத்தால், பாதுகாப்புக்காக என்று சொல்லி நாற்பது குடும்பங்களையும் எழுப்பிவிடலாம். மீனம்மாதான் போகமாட்டோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு திரிந்தாள்.

"ஆனா யாரையும் சாகடிக்க நினைக்கல்ல சேர். கணுக்கால் நனைஞ்சா பயந்து திரும்பிருவாங்கன்னு நினைச்சேன். சும்மா படகு மட்டும்..."

"சும்மா படகு முங்காதுங்க," என்றாள் டோரீன்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் குரல் உயரவில்லை.

"ஆளு இல்லாட்டி குழாய் வாய் தண்ணியத் தொடாது. ரெண்டு நாள் இல்ல, ரெண்டு வருஷம் கட்டி வச்சாலும் முங்காது. ஆளு நெறஞ்சாத்தான் முங்கும். அது தெரிஞ்சுதான் நீங்க வெரலால இடம் காட்டுனீங்க."

லோஜன் ஈரக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தார். விஜிதரன் அந்தக் கையையே பிடித்தார்.

விலங்கு பூட்டப்பட்டது. இத்துடன் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

நிலக்ஷி மெதுவாக நடந்து பழனியாண்டியின் முன்னால் போய்க் குந்தினாள். அவர் முகத்தைத் தேடிப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, முப்பது வருஷம் மிஷினோட கெடக்குறீங்க. குழாயக் கீழ எறக்குனா தண்ணி உள்ள வரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் நெற்றி விபூதியைப் புறங்கையால் துடைத்தார்.

"தெரியும் புள்ள," என்றார் பழனியாண்டி.

"தெரியுமா?"

"துரை சொன்னாரு. மறுத்தா லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாரு. அதான்... முனிக்கிட்ட சொல்லித்தான் செஞ்சேன். பாவம் என்னைச் சேரக் கூடாதுன்னு, பாரம் முனி மேலன்னு சொல்லி, நூலக் கட்டி வச்சேன். ராத்திரி பூரா தூங்கல்ல."

நிலக்ஷி எழுந்தாள். அழவில்லை.

"முனிக்குச் சொன்னீங்க. எங்க லயத்துல நாற்பது வீடு இருக்கு, எல்லார்ட்டயும் போன் இருக்கு. எங்கம்மாக்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே மாமா."

விஜிதரன் இரண்டாவது விலங்கைக் கேட்டு வாங்கினார்.

நண்பகல். ஜீப் சொன்ன நேரத்துக்கே புறப்பட்டது. அதில் டோரீன் இருக்கவில்லை. அவள் மீனம்மாவின் இடுப்பில் இறுகியிருந்த படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு ஈரத்தில் ஊறிக் கல்லாகியிருந்தது. நிலக்ஷி வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். அறைந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அக்கா, ரொம்ப வலிச்சுச்சா?"

"நாளைக்குக் கேளு. இப்ப முடிச்சப் புடி," என்றாள் டோரீன்.

இருவருமாக அவிழ்த்தார்கள்.

வாசகரே, நீங்கள் பார்த்துவிட்டீர்கள். இனி நீங்கள் வெறும் வாசகர் அல்லர். சாட்சி!

சதி செய்தவன் ஒருவன். தெரிந்தும் வாய் மூடியிருந்தவன் ஒருவன். இருவரில் எவன் இல்லாவிட்டாலும் மீனம்மா இன்று பெரட்டுக்குப் போயிருப்பாள். முதலாமவனைப் பொலிஸ் பார்த்துக்கொள்ளும். இரண்டாமவன் ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு அலுவலகத்திலும், உங்கள் தெருவிலும் இருக்கிறான். சில நாட்களில் கண்ணாடியிலும் தெரிகிறான்.

ஆகவே எழுந்து போங்கள். உங்கள் ஊர்ப் படகின் பலகையைத் தூக்கிப் பாருங்கள். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் கூரையைப் பாருங்கள். பூட்டிய அலுமாரிக்குள் என்ன இருக்கிறது என்று சத்தமாகக் கேளுங்கள். தப்பு என்று தெரிந்தால், சாமியிடம் சொல்வதற்கு முன் சாகப் போகிறவரிடம் சொல்லுங்கள். இன்றே!

என்ன... கேட்டால் துரைக்குக் கோபம் வருமா?

வரட்டும். துரையின் கோபத்தில் இதுவரை யாரும் மூழ்கிச் செத்ததில்லை!